கறையானும் முசுறும்

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுவாசல்களைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிக்கும் வன்னிக்குமாகப் பெயர்ந்து சென்றனர். அடுத்த ஆண்டு திரும்பி வந்தோர் பலர், கதவைத் திறந்தபோது, தமக்கு முன்னரே வேறொரு குடி வந்து அமர்ந்திருக்கக் கண்டனர். சுவர் மூலையிலே செம்மண் புற்று எழுந்திருந்தது. பெட்டகத்தில் வைத்துப் பூட்டிய காணி உறுதிகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், கலியாணப் படங்கள், பாட்டனார் காலத்து ஏடுகள் எல்லாம் மண்ணோடு மண்ணாகிக் கிடந்தன. 1990 இல் வெளியேறிய வலிகாமம் வடக்கு மக்களுட் பலரோ கால் நூற்றாண்டு கழித்தே தம் காணியை மீளக் கண்டனர். அங்கே வீடு எது, புற்று எது என்று பிரித்தறிவதே அரிதாயிற்று.

முற்றத்து மாமரத்தை அண்ணாந்து பார்த்தால் அங்கும் ஒரு குடியேற்றம் நடந்திருந்தது. பச்சை இலைகளை வெள்ளை நூலாற் பொருத்திய பந்து போன்ற கூடுகள் கிளைதோறும் தொங்கின. கிளையைத் தொட்டவர் கையிலும் கழுத்திலும் செந்நிற முசுறுகள் சொரிந்தன. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பெருங்காடு இல்லை. பனங்கூடலும் பற்றையும் வேலியும் வளவுமே இங்குள்ள காடு. மனிதன் கை எடுத்தவுடன் காடு தன் இடத்தை மீட்டுக்கொள்கிறது. அவ்வாறு மீட்கும் சேனையில் முன்னணியில் வருவன இந்த இரண்டும்: தரையிலே கறையான்; மரத்திலே முசுறு.

இவ்விரண்டையும் ஒரே குலத்தனவாகக் கருதுவது உலக வழக்கு. ஆங்கிலேயர் கறையானை ‘வெள்ளெறும்பு’ என்றே நெடுங்காலம் அழைத்தனர். நம்மவரும் ‘எறும்பு, கறையான்’ என்று ஒரே மூச்சிற் சொல்வர். பார்வைக்கு அது பிழையாகவும் தோன்றாது. இரண்டும் சிறியன, இரண்டும் கூட்டமாக வாழ்வன, இரண்டிலும் அரசி உண்டு, வேலைக்காரர் உண்டு, சாரை சாரையாகச் செல்லும் ஒழுங்கு உண்டு. ஆயினும் விலங்கியலார் இவற்றை வெவ்வேறு வருணங்களில் வைப்பர். வருணம் என்பது இங்கே பாடநூலிற் கூறப்படும் பெரும் பாகுபாடு. வகுப்புக்குக் கீழே, குடும்பத்துக்கு மேலே உள்ளது. குளவியும் தேனீயும் எந்த வருணமோ அந்த வருணமே முசுறு. கறையானின் உறவினர் யாரென்று தேடினால், அவர் நம் அடுப்படி அலுமாரிக்குப் பின்னால் இருக்கிறார். கரப்பான் பூச்சிதான் அது.

இந்த உறவு எளிதில் வெளிப்படவில்லை. சுவீடன் நாட்டு லின்னேயசு 1758 இல் உயிரினங்களை வகுத்தபோது, கறையானைச் சிறகற்றவை என்னும் பிரிவில், பேன், தெள்ளு, சிலந்தி, தேள், நண்டு ஆகியவற்றோடு சேர்த்து வைத்தார். மாரி தொடங்கும் அந்தியிலே விளக்கை மொய்க்கும் ஈசலை அவர் ஒரு முறை பார்த்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார். அவருடைய மாணாக்கருள் ஒருவரான யோகான் கேர்கார்ட் கோனிக் என்பவர் 1768 இல் தமிழகத்துத் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து சேர்ந்தார். தமிழ்நாட்டுப் புற்றுகளை அவர் வெட்டிப் பார்த்து, 1779 இல் ‘வெள்ளெறும்பு எனப்படுபவை’ பற்றி ஜேர்மன் மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கறையானைப் பற்றிய முறையான ஆராய்ச்சிக்கு அதுவே கால்கோள் என்பர். அந்த ஆராய்ச்சி தொடங்கியது தமிழ் மண்ணின் புற்றிலே என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி.

பின்னர் நான்கு சிறகும் ஒத்த அளவின என்ற காரணத்தால் கறையானுக்கென்று தனி வருணம் ஒன்று வகுக்கப்பட்டது. நூற்றெழுபது ஆண்டுக்கு மேல் அது நிலைத்தது. இடையிலே, 1934 இல், கிளீவ்லாந்து என்னும் அமெரிக்கர், உக்கிய மரத்துள் வாழும் ஒரு வகைக் கரப்பானின் குடலை ஆராய்ந்து வெளியிட்டார். மரத்தைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் அதன் குடலில் இருந்தன; அவற்றின் இனத்தவையே சில கறையான்களின் குடலிலும் உள்ளன. 2007 இல் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையைச் சார்ந்த ஆராய்ச்சியாளர், மரபணுக்களை ஒப்பிட்டு, கறையான் என்பது கூட்டு வாழ்க்கை பழகிய கரப்பானே என்று நிலைநாட்டினர். தனி வருணம் கரப்பான் வருணத்துள் ஒடுங்கியது. எறும்புக்கும் கறையானுக்கும் இருந்த உறவு முன்னினும் தூரமாயிற்று.

கண்ணாலே காணக்கூடிய வேறுபாடுகள் சில உண்டு. முசுறின் இடை, நூலிலே கோத்தது போல் ஒடுங்கியிருக்கும். கறையானுக்கு இடையே இல்லை. முசுறின் உணர்கொம்பு முழங்கை போல் மடிந்திருக்கும். கறையானின் உணர்கொம்பு மணிமாலை போல் நேராக நீளும். முசுறு பெருங்கண் உடையது. ஓர் ஆள் நெருங்கினாலும் தலை தூக்கி, தாடை விரித்து, எதிர்த்து நிற்கும். வேலைக்காரக் கறையானுக்குக் கண்ணே இல்லை. அதன் தோலும் மெல்லியது. வெயிலிலும் காற்றிலும் சற்றுநேரம் கிடந்தால் உலர்ந்து மடியும். அதனாலேதான் அது எங்குச் சென்றாலும் மண்ணாலும் எச்சிலாலும் ஒரு கூரை வேய்ந்துகொண்டே செல்கிறது. பனைமரத்தடியிலிருந்து மேலேறும் மண் வரிகள் கறையானின் மூடிய தெருக்கள். அத்தெருவின் உள்ளே எப்போதும் ஈரமும் இருளும்.

இவையெல்லாம் மேலோட்டமானவை. குடும்ப வாழ்க்கையைப் பார்த்தால்தான் வேறுபாட்டின் ஆழம் விளங்கும்.

முசுறின் முட்டை பொரித்தால் வெளிவருவது கால் இல்லாத வெள்ளைப் புழு. பாடநூலார் அதனைக் குடம்பி என்பர். பிறர் ஊட்டினாலன்றி அது உண்ணாது; பிறர் தூக்கினாலன்றி நகராது. அது வளர்ந்து, அசைவற்ற கூட்டுப்புழுவாகக் கிடந்து, அதன் பின்னரே ஆறு கால் உடைய முசுறாகும். கறையானுக்கு அவ்வளவு சடங்கு இல்லை. முட்டையிலிருந்து வரும்போதே அது ஆறு காலும் உணர்கொம்பும் கொண்ட சின்னஞ்சிறு கறையான். சில முறை தோலுரித்ததும் வேலையில் இறங்கிவிடும்.

முசுறுக் குடியிலே வேலை செய்வோர் அனைவரும் பெண்கள். உணவு தேடுவதும் போர் செய்வதும் கூடு கட்டுவதும் பிள்ளை வளர்ப்பதும் பெண்களே. ஆண் முசுறு சிறகு முளைத்துப் பறந்து, ஒரு முறை கூடி, உயிர் விடும். அரசி அந்த ஒரு நாளிற் பெற்ற வித்தை உடலிற் சேமித்து ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்துகிறாள். வித்துச் சேராத முட்டையிலிருந்து பிறப்பது ஆண். ஆகவே ஆண் முசுறுக்குத் தந்தை இல்லை. ஆனால் தாய்வழிப் பாட்டன் உண்டு! மாணவருக்கு விடுகதையாகப் போடத் தக்க செய்தி இது.

கறையான் குடியிலோ அரசனும் உண்டு. அவன் அரசியோடு ஒரே அறையில் ஆயுள் முழுவதும் வாழ்கிறான். அரசியின் வயிறு விரல் பருமனுக்கு வீங்கி, அவள் நகர முடியாதவளாகி, நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடுவாள். சிற்றுடம்பினனாகிய அரசன் அருகிலேயே கிடப்பான். வேலைக்காரருள் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. பூச்சியியலார் அரசி, வேலைக்காரர், போர்வீரர் என்னும் இப்பிரிவுகளைச் சாதி என்றே குறிப்பிடுவர். ஆனால் அது பெரும்பாலும் பிறப்பினால் அமையும் சாதியன்று. ஒரே தாயின் ஒரே வகை முட்டையிலிருந்து வந்த குஞ்சு, ஊட்டப்படும் உணவையும் புற்றில் உலவும் வாசனைகளையும் பொறுத்து, வேலைக்காரராகவோ வீரராகவோ சிறகுடைய ஈசலாகவோ ஆகின்றது. இவ்வகையிற் கறையான் நம்மூர் மனிதரினும் ஒரு படி முன்னே நிற்கிறது என்று சொல்லலாம்.

இரண்டின் வீடுகளும் தனித்தனியே பேசத் தக்கவை.

முசுறு தன் வீட்டை உயிருள்ள இலையாற் கட்டுகிறது. இரண்டு இலைகளுக்கு இடையே தூரம் அதிகமானால், ஒரு முசுறின் இடையை மற்றொரு முசுறு கவ்வி, அதன் இடையை வேறொன்று கவ்வி, சங்கிலியாக நீண்டு, எட்டிய இலையை இழுத்து வரும். இலைகளின் விளிம்பு சேர்ந்ததும் வேறொரு கூட்டம் குடம்பிகளை வாயிலே தாங்கி வரும். இக்கரை இலையிலே குடம்பியின் வாயைத் தொட்டு, அக்கரை இலைக்குக் கொண்டு சென்று தொட்டு, மீண்டும் இக்கரைக்கு வரும். குடம்பியின் வாயிலிருந்து பட்டுநூல் இழைகிறது. நெசவுத் தறியில் ஓடும் நாடாவைப் போலத் தன் குழந்தையையே கருவியாக்கி நெய்கிறது முசுறு. ஜேர்மன் விலங்கியலார் டோஃப்லைன் இதனை நம் இலங்கையிலேயே கூர்ந்து கவனித்து 1905 இல் எழுதினார். மற்றும் பல எறும்புகளின் குடம்பிகள் அந்தப் பட்டைத் தமக்குக் கூடு கட்டச் செலவிடும். முசுறுக் குடம்பியோ ஊருக்கு நெய்து கொடுத்துவிட்டுத் தான் போர்வை இன்றியே உறங்குகிறது. ஒரே அரசியின் குடிமக்கள் பல மரங்களிற் பரந்து, பற்பல கூடுகளில் வாழ்வர். ஒரு கூட்டைக் கொளுத்தினால் முசுறு ஒழியாதது இதனாலேதான்.

கறையானின் வீடு மண்ணுக்குள்ளே. வெளியே தெரியும் புற்று அதன் மேற்பகுதி மாத்திரமே. நம் நாட்டிற் புற்றெடுக்கும் கறையான்கள் உழவுத் தொழில் செய்வன. இதனை விளையாட்டுக்குக் கூறவில்லை. அவை மென்று கொணரும் மரத்தையும் சருகையும் தாமாகவே முற்றும் செரிக்க வல்லவை அல்ல. மென்றதை அடுக்கிப் பஞ்சு போன்ற மேடைகள் அமைத்து, அவற்றின்மேல் ஒரு வகைக் காளானை வளர்த்து, அது பக்குவம் செய்த பின் உண்கின்றன. பேராதனைப் பூங்காவில் ஆராய்ச்சி நிகழ்த்திய தோமஸ் பெச் 1906 இல் இப்புற்றுக் காளான்களைப் பற்றி விரிவாக எழுதினார். மழை பெய்து சில நாளில் புற்றின்மேல் வெண்குடையாக எழும் காளானைப் பிடுங்கிக் கறி சமைப்போர், கறையானின் தோட்டத்து விளைவையே உண்கின்றனர். மனிதன் ஏர் பிடிப்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே கறையான் பயிர் செய்யக் கற்றுக்கொண்டது.

முசுறு வேடன். புழு, வண்டு, ஈ எது மரத்தில் ஏறினாலும் பலர் கூடிப் பிடித்து, கால்களை நாற்புறமும் இழுத்து, கூட்டுக்குக் கொண்டு செல்வர். சீன நாட்டு உழவர் முசுறுக் கூடுகளை விலைக்கு வாங்கித் தோடை மரங்களிற் கட்டி, மரத்துக்கு மரம் மூங்கிற் பாலம் அமைத்துப் பூச்சிகளை அடக்கினர். இவ்வழக்கத்தைக் கூறும் நூல் கி.பி. 304 ஆம் ஆண்டினது என்று மரபாகச் சொல்லப்படுகிறது. அவ்வாறாயின், ஓர் உயிரைக் கொண்டு மற்றோர் உயிரை அடக்கும் முறைக்கு உலகிலுள்ள மிகப் பழைய சான்று அதுவே. அவுஸ்திரேலியாவிலும் ஆபிரிக்காவின் பெனின் நாட்டிலும் மாந்தோப்புகளில் நடந்த ஆராய்ச்சிகளும் முசுறு உள்ள மரத்திற் பழ ஈயின் சேதம் குறைவு என்று காட்டியுள்ளன.

முசுறுக்கு ஒரு குற்றமும் உண்டு, அதனையும் மறைக்கலாகாது. மாவுப்பூச்சியும் செதிற்பூச்சியும் சுரக்கும் இனிய நீரை விரும்பி, அவற்றை மாடு மேய்ப்பது போல் மேய்த்துப் பாதுகாக்கும். மரமேறிக் கறுத்தக்கொழும்பான் பறிக்க முயன்றவருக்கு முசுறின் கடியும், கடிவாயில் அது பீச்சும் அமிலமும் நன்றாக நினைவிருக்கும். ஆகவே நம்மவர் சாம்பல் தூவுவர். சூள் கொளுத்திக் கூட்டோடு எரிப்பர்.

கறையானின் குற்றப்பத்திரமோ நீண்டது. தமிழ்மக்கள் அதனை மன்னிக்காமைக்கு வீட்டு மரம் மாத்திரம் காரணமன்று. தில்லையிலே பூட்டிய அறையில் தேவார ஏடுகள் புற்றுமூடிக் கிடந்தன என்றும், அரித்தது போக எஞ்சியவையே நமக்குக் கிடைத்தன என்றும் சைவ மரபு கூறும். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஊரூராக ஏடு தேடி, 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றியபோது, அவருடைய பந்தயம் கறையானோடும் செல்லோடும் காலத்தோடுமாக இருந்தது. சற்றுத் தாமதித்திருந்தால் எத்தனை நூல்கள் வெறும் பெயராகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாகிறது. இவ்வளவும் கூறிய பின் ஒன்றையும் நீதியாகச் சொல்லவேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு அழிந்த சுவடிகளைத் தின்றது கறையான் அன்று.

வீட்டுக்குள் வந்த கறையான் பகைவன். பனங்கூடலில் உள்ள கறையானோ வேறு. அங்கே அது தின்பது விழுந்த ஓலை, காய்ந்த மட்டை, பட்ட மரம், மாட்டுச் சாணம். பனையின் அடியில் மண் பூசி ஏறுவதைக் கண்டு மரத்தைத் தின்கிறது என்று பதறுவோர் உளர்; அது பெரும்பாலும் உலர்ந்த புறப்பகுதியை மட்டுமே சுரண்டும். முதிர்ந்த பனையின் கறுத்த வைரத்தில் அதன் தாடை எளிதிற் பதியாது. நம் முன்னோர் வளைக்கும் சலாகைக்கும் பனையை நாடியதும், வேலிக்குப் பட்ட கம்பை விடுத்து உயிருள்ள பூவரசையும் கிளுவையையும் கதியாலாக நட்டதும் பட்டறிவின் பயன். வறட்சி மிகுந்த மாதங்களில் தென்னம்பிள்ளையை அது தாக்குவதும் உண்டு; அப்போது நீர் ஊற்றி ஈரம் காப்பது முதல் வைத்தியம்.

மேலும், குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழை மண்ணூடாக இறங்கிச் சுண்ணக்கற்பாறையின் குழிவுகளிலே தங்கி, கிணற்றில் ஊறுவதே நமக்குள்ள நீர். இறுகிய மண்ணைக் குடைந்து கறையான் விடும் வழிகள், மழைநீர் ஓடிக் கடலில் விழாமல் நிலத்துள் இறங்க உதவுகின்றன. அதே வழியால் வேறொன்றும் இறங்கும். கறையானுக்கென்றும் எறும்புக்கென்றும் ஒரு காலத்தில் உலகெங்கும் மண்ணில் ஊற்றப்பட்ட குளோர்டேன், ஹெப்டகுளோர், டீல்ட்ரின், மைரெக்ஸ் ஆகிய நஞ்சுகள் அழியாது நிலைத்து நிற்பதை உணர்ந்து, 2001 இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையிலே நாடுகள் அவற்றை விலக்க ஒப்பின. அவற்றின் இடத்துக்கு இன்று வேறு நஞ்சுகள் வந்துள்ளன. வளவின் ஒரு மூலையிற் புற்று, மறு மூலையிற் கிணறு. இடையிலுள்ளது சில அடி மண்ணும் ஓட்டை நிறைந்த கல்லும். சுவரோரத்திற் கண்ட மண்வரிமேல் எறும்பு மருந்தைத் தூவுவதால் புற்றின் ஆழத்தில் கிடக்கும் அரசனுக்கும் அரசிக்கும் ஒன்றும் நேராது. மடிவது வெளியே திரியும் எறும்புகள். கறையானுக்கு உலகிலுள்ள மிகப் பெரிய பகைவரும் அவ்வெறும்புகளே. இரண்டையும் ஒரே குலமென்று எண்ணி ஒரே மருந்தை வீசுவோர், திருடனுக்கு வைத்த பொறியிற் காவலனைப் பிடிக்கின்றனர்.

இவ்விரு குலங்களுக்கும் உள்ள பகை மிகப் பழையது. எறும்பு தோன்றுவதற்கு முன்னரே கறையான் இருந்தது. அதன் மூடிய தெருவையும் கெட்டித் தலையுடைய வீரரையும் கூடத் தாங்கும் தேவை, எறும்பு வந்த பின் பல மடங்கு பெருகியிருக்கும்.

ஐப்பசியில் முதல் மழை பெய்து ஓய்ந்த அந்தியிலே இந்தப் பகையை எவரும் தம் முற்றத்திலேயே காணலாம். புற்றின் வாயில் திறந்து ஈசல்கள் புகைபோல் எழும். காகமும் கரிக்குருவியும் வானிலே பிடிக்கும். பல்லி விளக்கடியிற் பிடிக்கும். கோழி தரையிற் பொறுக்கும். தப்பிய ஈசல் தரையில் இறங்கியதும் சிறகை உதிர்த்துவிடும். பெண் முன்னே ஓட, ஆண் அதன் பின்னே ஒட்டியபடி ஓட, இரண்டும் ஒரு மண்வெடிப்பைத் தேடும். அகப்பட்டால் உள்ளே நுழைந்து வாயிலை அடைத்துக்கொண்டு புதிய குடியைத் தொடங்கும். மாமரத்தின் அடியிலே, தலை தூக்கித் தாடை விரித்தபடி, முசுறுகள் இரண்டு மூன்றாக இறங்கி வந்துகொண்டிருக்கும்.